வடக்கே பார்த்திருந்த வீடு

எங்கள் ஊருக்கு வடக்கே தாமிரபரணி, தெற்கே கடம்பாக்குளம். இரண்டுக்கும் நடுவில் வாழை, வெற்றிலைக்கொடி, நெல். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பிரிகிற தென்கால்தான் எங்களுக்குச் சோறு போடுவது. ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அது. அதைத் தாண்டினால் ஏரல், ஆத்தூர், பிறகு புன்னைக்காயலில் கடல். பொதிகையில் இறங்கிக் கடலைத் தொடும்வரை அந்த ஆற்றுக்கு ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான் ஓட்டம். மலையில் பெய்தது வெகு சீக்கிரம் வாசலுக்கு வந்துவிடும். அதனால் எங்கள் பக்கத்து வீடுகளில் மழைக்காலப் பயத்துக்கு ஒரு திசை உண்டு. வடக்குச் சன்னலைத் திறந்து ஆற்றின் இரைச்சலைக் கேட்டுவிட்டுத்தான் பெரியவர்கள் படுப்பார்கள். தெற்குப் பக்கம் யாரும் காது கொடுத்ததில்லை. குளம் நிறைந்தால் அது நல்ல செய்தி. மறுகால் பாய்ந்தால் பிள்ளைகள் மீன் பிடிக்கப் போவார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு பெருவெள்ளத்தைப் பார்த்திருக்கிறேன். 1992 நவம்பரில் ஒன்று, 2023 டிசம்பரில் ஒன்று. முதலாவது வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. இரண்டாவது வந்தபோது என் மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டையும் நினைக்கும்போதெல்லாம் வீட்டு மனிதர்களுக்கு முன்னால் மாடும் நாயும் கோழியும்தான் என் கண்ணில் வந்து நிற்கின்றன. வீடு எப்படிப்பட்ட வீடு என்பது இரண்டு தடவையும் அவற்றை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது.

1992இல் அது ஓட்டு வீடு. தெருவிலிருந்து ஐந்து படி ஏறினால் திண்ணை, பிறகு தார்சா, பட்டாசல், அடுக்களை. பட்டாசலிலிருந்து மர ஏணி வழியாக மச்சுக்கு ஏறலாம். பின்னால் முற்றம், முற்றத்தைத் தாண்டித் தொழு, தொழுவை ஒட்டி வைக்கோல் படப்பு. முன்பகுதி செங்கல்லும் சுண்ணாம்பும், பின்கட்டு மண்சுவர். வீட்டில் அப்பாவின் அம்மாவான ஆச்சி, அப்பா, அம்மா, நான், தம்பி. இவ்வளவு பேர்தான் ரேஷன் கார்டில். தொழுவில் காரி என்ற கறவைப் பசு, அதன் கன்று, நான்கைந்து வெள்ளாடு. வாசலில் மணி என்ற நாட்டு நாய். குலுக்கைக்குப் பின்னால் குட்டி போட்டிருந்த பூனை. பஞ்சாரத்துக்குள் கோழிகள்.

ஐப்பசி மாசக் கடைசி. அடைமழைக்கென்றே இருக்கிற மாதம் என்பதால் யாருக்கும் அது அதிசயமாகப் படவில்லை. நாள் கணக்கில் பெய்துகொண்டிருந்தது. மின்சாரம் போய்விட்டது. திருநெல்வேலி வானொலி நிலையத்தின் செய்தியை அப்பா டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கேட்டார். மலையில் நல்ல மழை என்றார்கள். எவ்வளவு நல்ல மழை என்று எங்களுக்குத் தெரிய வழியில்லை. மாஞ்சோலை மலையில் காக்காச்சி என்ற இடத்தில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, தமிழ்நாட்டில் ஒரு நாளில் பதிவான மழையில் அதுதான் உச்சம் என்பதையெல்லாம் நான் பெரியவளாகிப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்று அணையின் உயரமும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். மூன்றும் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் யாருக்கும் பாடமாகியிருக்கவில்லை.

நவம்பர் 13, வெள்ளிக்கிழமை ராத்திரி. மணி வடக்கே பார்த்துக் குரைக்க ஆரம்பித்தது. ஆளைப் பார்த்துக் குரைக்கிற குரைப்பு இல்லை. நீளமாக, நடுவில் நிறுத்தி, காதை நிமிர்த்திக் கேட்டு, மறுபடியும். தொழுவில் காரி கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. ஆச்சி அரிக்கேன் விளக்கோடு எழுந்து போய் வடக்குச் சன்னலில் நின்றாள். ரொம்ப நேரம் நிற்கவில்லை.

"மொதல்ல கயித்த அவுரு" என்றாள் அப்பாவிடம்.

அப்பா தயங்கினார். அவிழ்த்துவிட்ட மாடு இருட்டில் எங்கே போகும், யார் வயலில் இறங்கும், திரும்பி வருமா என்ற கவலை. காரியின் பால்தான் எங்கள் நோட்டுப் புத்தகம். ஆச்சி அதற்கு மேல் பேசவில்லை. சுவரில் சொருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினாள். காரியின் கயிற்றை அறுத்தாள், கன்றின் கயிற்றை அறுத்தாள், ஆட்டுப் பட்டியின் படலைப் பிடுங்கி எறிந்தாள். திரும்பி வரும்போதுதான் அப்பாவுக்குப் பதில் சொன்னாள்: "கட்டுன கயித்தோட ஒரு உசிரு போச்சுன்னா, அது நம்ம கையால கொன்ன மாதிரிதான்."

கயிறு முதலில், பிள்ளைகள் இரண்டாவது, நெல் மூன்றாவது. அன்று வீட்டில் நடந்த வேலையின் வரிசை அது. பிள்ளைகளுக்கு முன்னால் மாடு எப்படி வரலாம் என்று எனக்கு ரொம்ப நாள் கேள்வி இருந்தது. யோசித்தால் அதில் கணக்கு இருக்கிறது. பிள்ளைகளை எந்த நேரத்திலும் தூக்கிக்கொண்டு மச்சுக்கு ஏறிவிடலாம். தண்ணீர் தொழுவுக்குள் வந்த பிறகு மிரண்ட மாட்டின் பக்கத்தில் யாராலும் போக முடியாது. அதை ஆச்சி யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. அவள் காலத்தில் ஆறு ஊருக்குள் வந்துபோயிருக்கிறது.

இந்த ஆற்றங்கரையில் எல்லாருக்குமே இப்படி ஒரு பழக்கம் உண்டு. திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே கட்டிய கோயில் அது. வெள்ளம் வரும் என்று தெரிந்தே, தண்ணீரைக் கிழித்து ஒதுக்குகிற மாதிரி சுவரைப் படகின் முனைபோல வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் உற்சவரை எடுத்து மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடங்கும். எதை எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று சாமிக்கே ஓர் ஏற்பாடு இருந்த ஊர்க்காரர்கள் நாங்கள்.

விடியும்போது தண்ணீர் ஐந்தாவது படியைத் தாண்டி நிலைக்கு அடியில் நுழைந்தது. செம்மண் நிறம். மலை வாசனை, பச்சை மரத்தைப் பிளந்தால் வருகிற வாசனை. நாங்கள் மச்சுக்கு ஏறினோம். எங்களுக்கு முன்பே பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்விக்கொண்டு மேலே சேர்த்திருந்தது. மணியை அப்பா தோளில் போட்டு ஏற்றினார். கோழிகள்தான் போய்விட்டன. பஞ்சாரத்தைத் தூக்க அம்மா பின்கட்டுக்கு ஓடுவதற்குள் மண்சுவர் சரிந்து, பஞ்சாரம் அதற்கு அடியில் போயிற்று. அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கும். ஓடு நொறுங்குகிற சத்தமும், அதற்குள் ஒரு சின்னக் கேவலும்.

அந்தக் காலம் நல்ல காலம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்று ஆற்றோரக் குடிசைகளில் படுத்திருந்தவர்களுக்கு இரவில் தண்ணீர் வருகிறது என்று சொல்ல ஆள் இல்லை. பலர் தூக்கத்திலிருந்து எழவே இல்லை. எங்கள் வகுப்பில் ஒரு பெஞ்சில் இடம் காலியானது. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மாதக் கணக்கில் இருந்தன. ஒரு போன் இருந்திருந்தால், ஒரு ஒலிபெருக்கி வண்டி வந்திருந்தால் பிழைத்திருப்பார்கள். அதை மறந்துவிட்டு மச்சையும் திண்ணையையும் மட்டும் கொண்டாடுவது நியாயமில்லை.

ஆனால் மாடுகள் பிழைத்தன. ஊருக்கு மேற்கே சுடலைமாடன் கோயில் மேடு. அவிழ்த்துவிட்ட மாடு எல்லாம், யாரும் ஓட்டாமலே, அங்கே போய் நின்றிருந்தன. நீந்திப் போனவையும் உண்டு. தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியதும் அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். மேட்டில் ஊர் மாடு, ஆடு, கழுதை, இரண்டு தெரு நாய்கள், ஒரு சாரைப் பாம்பு. எதுவும் எதையும் தொடவில்லை. காரிக்கு மடி கட்டிக் கல்லாக இருந்தது. அப்பா அங்கேயே உட்கார்ந்து பீச்சினார். மற்றவர்களும் பீச்சினார்கள். மடப்பள்ளிப் பானையில் எல்லாப் பாலையும் ஒன்றாக ஊற்றிக் காய்ச்சி, மேட்டில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். எந்த மாட்டுப் பாலை நான் குடித்தேன் என்று தெரியாது.

பிறகு வீடு மாறியது. இடிந்த பின்கட்டை முதலில் சிமெண்டில் எடுத்தோம். ஆச்சி போனாள், அப்பா போனார். தம்பி தலையெடுத்ததும் முன்பகுதியையும் பிரித்துவிட்டுத் தளம் போட்டான். ஆசைப்பட்டுக் கட்டிய வீடு அது. குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஒழுகாத கூரை வேண்டும் என்று அம்மா எத்தனை மழைக்காலம் வேண்டியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். தரைக்கு வழுவழுவென்று டைல்ஸ். வெளியே நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், இரும்புக் கேட். தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் ரோடு ஏறியது, வீடு இறங்கியது. ஐந்து படி இரண்டு படியாயிற்று. தொழு சுருங்கிச் சுவரோரம் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையாக நின்றது. சுடலைமாடன் கோயில் மேட்டில் மண்ணை அள்ளி அள்ளி மனைகளை நிரப்பினார்கள். இன்று கோயில் இருக்கிறது, மேடு இல்லை.

மாட்டை மட்டும் அம்மா விடவில்லை. முழங்கால் வலியோடு ஒரு பசுவும் கன்றும். பசுவுக்கு லெட்சுமி என்று பெயர். தம்பி பிள்ளைகள் ஒரு நாய் வளர்த்தார்கள். மணியைப் போலவே நாட்டு நாய்தான், பெயர் மட்டும் ப்ரூனோ. பூனை எந்தக் காலத்திலும் தானாக வந்துசேர்ந்துவிடுகிறது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. எங்கள் தெருப் பையன்கள் வீடு வீடாகப் போய் பிஸ்கட்டும் போர்வையும் சேர்த்து லாரி ஏற்றினார்கள். அம்மா இரண்டு புதுப் பாய் கொடுத்தாள். அந்த மாதத்தின் வெள்ளம் சென்னைக்கானது என்று எல்லாரும் நினைத்திருந்தோம். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. தென்திருப்பேரைக் கோயிலுக்குப் போகலாம் என்று முந்தின நாளே நான் மகளோடு பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தேன். மார்கழியில் எங்கள் பக்கம் பனிதான் பெய்யும். கார்த்திகையோடு மழைக்கு விடை கொடுத்துவிட்டு, பிசான நெல்லுக்குக் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று விடிந்ததிலிருந்து மழை. பெயர் வைக்க ஒரு புயல்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் ஒரு காற்றுச் சுழற்சி, அவ்வளவுதான். கனமழை எச்சரிக்கை எல்லா போனிலும் வந்தது. என் மகள் போனில் மழை வரைபடத்தைத் திறந்து, "ஆச்சி, நம்ம ஊரு மேல செவப்பா நிக்குது பாருங்க, நகரவே மாட்டேங்குது" என்றாள். அம்மா வரைபடத்தையும் பார்த்தாள், வடக்குச் சன்னலையும் பார்த்தாள். "ஆறு எப்படிக் கெடக்குன்னு பாத்துட்டு வா" என்று தம்பியை அனுப்பினாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஆறு கரைக்குள்ளதாம்மா போவுது" என்றான். மாலையில் மறுபடியும் போனான். ஏறியிருக்கிறது, ஆனால் பயப்படுகிற மாதிரி இல்லை என்றான்.

அதுதான் அந்த மழையின் வித்தியாசம். 1992இல் மலையில் பெய்தது, ஆறு கொண்டுவந்தது, வழியெல்லாம் அதற்கு ஒரு நேரம் பிடித்தது. இந்தத் தடவை மலையிலும் பெய்தது. ஆனால் அதைவிடக் கொடுமையாகக் கடற்கரையில், சமவெளியில், எங்கள் தலைக்கு மேலேயே பெய்தது. திங்கள் காலை வரையான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருடம் முழுவதும் சராசரியாகக் கிடைப்பதே 65 சென்டிமீட்டர் சுற்றித்தான். மானம் பார்த்த பூமி என்று பெயரெடுத்த மாவட்டத்தின் மேல் ஒரு வருடத்து மழை ஒரே ராத்திரியில் இறங்கினால் அது எந்த ஆற்றுக்காகவும் காத்திருக்காது. குளங்கள் நிரம்பின, மறுகால்கள் புரண்டன, பல குளங்களுக்குக் கரை தாங்கவில்லை.

ப்ரூனோ அன்று சாயங்காலமே பின்வாசலில் போய் உட்கார்ந்துவிட்டது. தெற்கே பார்த்து முனகிக்கொண்டிருந்தது. உள்ளே கூப்பிட்டால் வரவில்லை. லெட்சுமி கொட்டகையில் தெற்கே முகத்தை வைத்துக்கொண்டு தீவனத்தைத் தொடாமல் நின்றது. அம்மா இதைக் கவனித்தாள். "என்னத்தப் பாக்கு இதுக ரெண்டும்? அங்ஙன கொளம்தான கெடக்கு" என்றாள். சொன்ன பிறகு அவளுடைய முகம் மாறியது. எழுந்து பின்வாசலுக்குப் போய் நின்றாள். தெற்கே காது கொடுத்து அவள் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கயித்த அவுரு" என்றாள் தம்பியிடம்.

தம்பி தயங்கவே இல்லை. ஓடிப் போய் அவிழ்த்தான். அவிழ்த்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கொட்டகை வாசலில் நின்று, எங்களைப் பார்த்தான். எங்கே விடுவது? நாலு பக்கமும் சுவர். கேட்டைத் திறந்தால் மேடான ரோடு, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மனைகளுக்குப் போட்ட கம்பிவேலி. மேற்கே போனால் மேடு இல்லை. அன்று ஆச்சி அறுத்த கயிறு காரியைப் பிழைக்கவைத்தது என்றால், அவிழ்ந்த மாட்டுக்குப் போக ஓர் இடத்தை ஊர் வைத்திருந்ததால்தான். அந்தக் கணத்தில் தம்பியின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு அது உறைத்தது. பழக்கம் எங்கள் கையில் பத்திரமாக இருந்தது. அது போய்ச் சேர வேண்டிய இடத்தைத்தான் தொலைத்திருந்தோம்.

தண்ணீர் கொல்லைப்புறமாக வந்தது. சுவர் முதலில் தடுத்தது; பிறகு ஒரு மூலையில் பிளந்து உள்ளே விட்டது; உள்ளே வந்ததை வெளியே விடவில்லை. வீடு தொட்டியாகிவிட்டது. லெட்சுமியை முதலில் பட்டாசலுக்குள் கொண்டுவரப் பார்த்தோம். டைல்ஸில் கால் வைத்ததும் குளம்பு வழுக்கி முன்னங்காலை விரித்துக்கொண்டு அது போட்ட கத்தலில் பிள்ளைகள் அழுதார்கள். தம்பி மனைவிதான் யோசித்தாள். "மதினி, வெளி மாடிப்படிக்கு டைல்ஸ் போடலல்லா, சொரசொரப்பாத்தான இருக்கு" என்றாள். சாக்கைக் கொண்டுவந்து படியில் விரித்தோம். தம்பி கன்றைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினான். கன்று கத்தியது. அந்தக் குரலுக்குப் பின்னால் லெட்சுமி ஏறியது. ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு விட்டு, முகர்ந்து, அடுத்த படி. பின்னால் நானும் தம்பி மனைவியும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதன் தொடையைத் தாங்கினோம். அம்மா கீழே நின்று அதோடு பேசிக்கொண்டே இருந்தாள். பிரசவத்துக்குப் போகிற பெண்ணிடம் பேசுகிற பேச்சு அது. "பயப்படாத தாயி, இன்னும் ரெண்டே ரெண்டு, ஏறிட்ட, ஏறிட்ட."

மொட்டை மாடியில் வற்றல் காயப்போட ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதற்குள் மாடு, கன்று, நாய், பூனை, நாங்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி குடும்பம் சுவர் ஏறி வந்தது. அவர்கள் வீட்டுக்கு மாடி இல்லை. அவர்களோடு மூன்று ஆடு, ஒரு பெட்டைக்கோழி, ஒரு தையல் மிஷின். இருட்டில் தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தத்தில் பேச்சு எடுபடவில்லை. பிள்ளைகள் லெட்சுமியின் வயிற்றில் சாய்ந்துகொண்டார்கள். அந்தக் குளிரில் சூடாக இருந்தது அது ஒன்றுதான். நான் நடுவில் விழித்தபோது என் மகளும் ப்ரூனோவும் ஓர் ஆட்டுக்குட்டியும் ஒரே படுதாவுக்குள் இருந்தார்கள்.

டவர் போய்விட்டது. சார்ஜும் போய்விட்டது. மாநிலம் முழுவதும் எங்கள் மழையின் அளவைப் படித்துக்கொண்டிருந்தபோது, அந்த மழைக்குள் இருந்த எங்களுக்கு அது தெரியாது. காயல்பட்டினத்து 95 என்ற எண்ணை நான் கேட்டது தண்ணீர் வடிந்து, ஒருவர் ஜெனரேட்டர் வைத்து எல்லாருக்கும் போன் சார்ஜ் போட்டுக் கொடுத்த பிறகுதான். காக்காச்சி எண் எனக்குக் கிடைக்கப் பல வருடம் ஆயிற்று. இதற்குச் சில நாள்தான். ஆனாலும் தேவைப்பட்ட ராத்திரியில் இரண்டுமே எங்களிடம் இல்லை. ப்ரூனோ சொன்னதுதான் இருந்தது.

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நின்றுபோனதும் அப்படித்தான் பிறகு தெரிந்தது. ஏறத்தாழ 800 பேர். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியும் மண்ணும் அடித்துப் போயிருந்தன. ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வருவதற்கு முன்பே, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீடும் தண்ணீரில் நிற்கும்போது, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்டபோது 1992இன் மடப்பள்ளிப் பானை எனக்கு ஞாபகம் வந்தது. ஊரின் கை இன்னும் அதே கைதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மழை விட்ட பிறகும் தண்ணீர் நின்றது. வாழைத்தோட்டங்கள் சாய்ந்து, மரங்கள் தெருவோடு மிதந்து வந்தன. தம்பி கம்பு வைத்து இழுத்து மட்டையை நறுக்கிப் போட்டான். லெட்சுமிக்கும் ஆடுகளுக்கும் அதுதான் தீனி. பால் கறந்து, பச்சைப்பாலாகவே பிள்ளைகளுக்குக் கொடுத்தாள் அம்மா. அந்த மாட்டுக்கு அத்தனை நாள் சோறு போட்ட வாழைத்தோட்டக்காரர் யாரென்று தெரியாது. அவருடைய வருடம் முழுவதும் அப்படி மிதந்து போயிற்று என்பது மட்டும் தெரியும்.

ஒரு வள்ளம் வந்தது. கடற்கரையிலிருந்து மீனவர்கள் வள்ளத்தை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, வயல்மேல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் வந்தவன் தம்பி வயதுப் பையன்தான். "ஆச்சி, எறங்கி வாங்க, கேம்புல கொண்டு விடுதோம்" என்றான். அம்மா மாட்டைக் காட்டினாள். அவன் ஏறிட்டுப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். "நாயயும் ஆட்டயும் ஏத்திருவேன் ஆச்சி. மாடு மெரண்டா வள்ளம் கவுந்துரும். புள்ளைகள வச்சுக்கிட்டு முடியாது." அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அம்மாவும் அப்படித்தான் சொன்னாள். "நீ சொல்லுதது சரிதான்யா. புள்ளைகளக் கூட்டிட்டுப் போ. நான் இருக்கேன்." பிள்ளைகளையும் அண்ணாச்சி வீட்டாரையும் அவன் கொண்டுபோனான். திரும்பி வந்து ஒரு பிரட் பொட்டலமும் தண்ணீர் பாட்டிலும் மாடிக்கு எறிந்துவிட்டு, கூடவே ஒரு சாக்கில் எங்கிருந்தோ கொஞ்சம் வைக்கோலும் எறிந்தான். நனையாத வைக்கோல். அந்த வெள்ளத்தில் அது எங்கே கிடைத்தது என்று கேட்பதற்குள் போய்விட்டான். நானும் தம்பியும் அம்மாவோடு மாடியிலேயே இருந்தோம்.

ஏற்றியதைவிட இறக்கியதுதான் பெரும்பாடு. மாடு படியில் ஏறும், இறங்காது. தண்ணீர் வடிந்த பிறகு தெரு ஆண்கள் சேர்ந்து படி முழுக்க மணல்மூட்டை அடுக்கிச் சரிவாக்கி, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, கன்றை முன்னால் விட்டு, அடி அடியாக இறக்கினார்கள். தரையைத் தொட்டதும் லெட்சுமி நேராகக் கொட்டகைக்குப் போயிற்று. கொட்டகை இருந்த இடத்தில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸும் சேறும்தான். அது அங்கேயே நின்றது.

எல்லா வீட்டுக்கும் படி கரடுமுரடாக இல்லை. கயிற்றோடு போன மாடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. பொழுது விடிந்ததும் அவற்றைப் பார்த்தவர்கள் முகத்தைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. இறந்த பசுவுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அரசு நிவாரணத்தைக் கூட்டி அறிவித்தது. கால்நடை முகாம்கள் போட்டார்கள், ஊசி போட்டார்கள், நல்ல வேலை செய்தார்கள். ஆனால் தெருக்கோடி அக்காவின் இரண்டு மாட்டையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. "செத்தத காட்டுங்காவ. போனத நான் எங்ஙனக் கொண்டு காட்டுவேன்?" என்று எங்கள் வாசலில் உட்கார்ந்து கேட்டாள். அம்மா அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றே தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டாள்.

கொல்லையில் ஆளுயரத்துக்கு ஒரு மேடை வேண்டும் என்றாள். உள்ளே மண் நிரப்பி, வெளியே கல் கட்டி, மேலே தொழு. ஏற ஒரு சரிவு. படி கூடாது, டைல்ஸ் கூடாது, குளம்பு பிடிக்கிற மாதிரி குறுக்கே வரி கீறிய தரை. தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் ஒவ்வொரு திட்டிவாசல், பூட்டில்லாமல். தம்பி, வீட்டுக்கு வெள்ளை அடிக்கவே கடன் வாங்க வேண்டும் என்றான். வெள்ளை பிறகு அடிக்கலாம் என்றாள். காப்பீடு, வேறு தொழில், மாட்டை விற்றுவிடலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. அவள் ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவள் பக்கம்தான் மனம். இனி மழை எந்தத் திசையிலிருந்து வரும் என்று எங்கள் ஊரில் யாராலும் சொல்ல முடியாது. கட்டி வளர்க்கிற உயிருக்கு, அவிழ்த்துவிட்டால் போய் நிற்க ஓர் இடம் கட்டிக் கொடுப்பது, கட்டுகிறவர்களின் கடமை.

தை பிறந்து கொத்தனார் வந்தார். மாடு ஒன்று, கன்று ஒன்று, பத்துக்கு எட்டு போதும் என்று கணக்குச் சொன்னார். பக்கத்து வீட்டு ஆடு மூன்றுக்கும் இடம் வேண்டும் என்றாள் அம்மா. பன்னிரண்டுக்குப் பத்தாயிற்று. தெருக்கோடி அக்கா மறுபடி மாடு வாங்கினால் அவள் எங்கே கொண்டு கட்டுவாள் என்றாள். கொத்தனார் அளவு நாடாவைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆச்சி, யார் யார் வீட்டு மாடு வருதுன்னு மொத்தமாச் சொல்லிருங்க. அஸ்திவாரம் போட்ட பெறவு என்னால இழுக்க முடியாது."

அம்மா தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள்.